டாக்டர் சொல்லாத கடற்காற்று

"கீழ் ரூமுதானே, இருக்கும்மா, அடுத்த வாரம் காலியாத்தான் கெடக்கும், உனக்காக வெச்சிருக்கேன், வீட்ல கேட்டுக்க, சாயங்காலமா நானே கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு தரங்கம்பாடி லாட்ஜ் மேனேஜர் போனை வைத்துவிட்டார். வீட்டில் கேட்டுக்கொள்வது அவருக்கு எவ்வளவு சின்ன வேலை. வீடு இதோ இருக்கிறது, நான் நிற்கிற வாசற்படிக்கு உள்ளே, ஒரே அறை, அதில் அப்பா சுவரோடு தலையணையை நிறுத்திச் சாய்ந்துகொண்டு ரசச்சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாப்பிடுகிறார் என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறி ஓடவில்லை. வாரம் முழுக்க இந்தத் தெருவின் சுவர்கள் தடக்தடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீர்க் குடத்தில் கை வைத்தால்கூட அந்த அதிர்வு தெரியும், ஞாயிறு மட்டும் எல்லாம் நின்றுவிடும், அப்போது குமாரபாளையம் முழுவதும் யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருக்கும். இந்த உவமையை நான் நினைத்திருக்கக் கூடாது. இப்போதெல்லாம் எதை நினைத்தாலும் அங்கேயே போய் முட்டுகிறது. கீழ் ரூம், படி ஏற வேண்டியதில்லை, உட்காருகிற மாதிரி டாய்லெட், ஜன்னலைத் திறந்தால் கடல், இல்லை, ஜன்னலைத் திறந்தால் ஒரு காம்பவுண்டு, காம்பவுண்டுக்கு அப்புறம் கடல், மேனேஜர் நேர்மையாகச் சொன்னார், சத்தம் நல்லாக் கேக்கும்மா என்றார். அதுதான் வேண்டும். ராமேஸ்வரம் என்று முதலில் சொன்னபோது அம்மா, திதி குடுக்கறதுக்கு அல்லாம எவன் போவான் அங்க என்றாள். கன்னியாகுமரி தூரம், அப்பாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. வேளாங்கண்ணியில் கூட்டம். அதனால் நான் போனில் தேடித் தேடி, கூட்டமில்லாத, சல்லிசான, ஒரே ரயிலில் பக்கம் வரைக்கும் போய்விடக்கூடிய ஒரு ஊரைக் கண்டுபிடித்தேன், அங்கே பழைய கோட்டை ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்க்க எங்களில் யாருக்கும் ஆசை கிடையாது. கடல் ஒன்று போதும். அடுத்த வாரம் போய்விட்டால் போதும். அதற்கடுத்த வாரம் என்றால்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் வாரக்கணக்கில்தான் பேச வேண்டும் என்றார். மாதக்கணக்கில் வேண்டாம் என்றார். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன், பல்லில் ஓட்டை விழுந்தால் நாக்கு போய்க்கொண்டே இருக்குமே, அப்படி. அப்பா அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கவில்லை. அம்மா கதவோரம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே செருப்போடு வரலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ படிச்சிருக்கியாம்மா?" என்றார். "பி.காம் முடிச்சிருக்கேங்க சார்" என்றேன். முடித்திருக்கிறேன் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறியது, எனக்கே கேட்டது. எங்கள் லைன் வீட்டு வரிசையில் முதல் டிகிரி. ஈரோட்டில் ஜவுளிக்கடை ஆபீசில் பில் போடுகிறேன், அங்கே எல்லாரும் படித்தவர்கள்தான், யாரும் கேட்பதில்லை, ஆகவே கேட்கிறவர்களிடம் சொல்ல ஆசையாக இருக்கும். உடனே அவர் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். நல்ல மனதோடுதான் மாறினார், நோயாளி காதில் விழக் கூடாது என்று. இல்லைங்க சார், பத்தாவதுதான் என்று சொல்லியிருந்தால் அவர் தமிழில் சொல்லியிருப்பார், சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பார், ஆனால் மூன்று பேருக்கும் சொல்லியிருப்பார், அது மூன்று பேருடையதாக இருந்திருக்கும். அவர் பேசிய எல்லாம் எனக்குப் புரிந்ததா என்றால் அதுவும் இல்லை. வாரங்கள் என்பது புரிந்தது. வலி வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது புரிந்தது. நுரையீரல், அதிலிருந்து எங்கெங்கோ. நான் தலையை ஆட்டினேன், கல்லூரியில் புரியாத வகுப்பில் ஆட்டுவது மாதிரியே. வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா, "டாக்டரு என்ன கண்ணு சொன்னாரு?" என்றார். அப்பாவுக்குக் காது மந்தம், முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்தில் நின்றவர், கத்தினால்தான் கேட்கும். வராந்தாவில் அத்தனை பேர். எதிர்ச் சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர், அதில் நீலமாக ஒரு கடல். நான் கத்தினேன், "மாத்திரையை விடாமச் சாப்பிடச் சொன்னாருங்ப்பா, காத்தோட்டமான எடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு, கடல் காத்து நல்லதாம்." அம்மா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா, நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்றாள். அப்பாவும் காலண்டரைத்தான் பார்த்தார். "கடலா? தறிச் சத்தத்துக்கு மேல இருக்கும்பாங்களே. எனக்கே கேக்குமாட்டம் இருக்குது" என்று சிரித்தார். இந்தச் சுற்றுலா அப்படித்தான் உண்டானது. இதில் டாக்டருக்குப் பங்கில்லை.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். அம்மா, "ஏனுங்க, இன்னும் ரெண்டு வாய்" என்றாள், அவர் கையை மட்டும் அசைத்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நான் வாசற்படியிலிருந்து உள்ளே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன், வாய் தெரிகிற மாதிரி. "அப்பா, ரூம் கெடைச்சிருச்சுங்க. கீழேயே இருக்குது. அடுத்த வாரம் போலாங்களா?" அவர் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசாமணி அக்கா, "ஏனுங் செங்கோடண்ணா, டூரா? எங்களுக்கும் ரெண்டு சீட்டு போடறது" என்றாள். இந்த வீட்டில் அப்பாவிடம் சொல்வதெல்லாம் ராசாமணி அக்காவிடமும் சொல்வதுதான். அம்மா சுவரைப் பார்த்து, "உன்னயக் கூட்டிட்டுப் போனா கடல்ல மீன் மிஞ்சாதுக்கா" என்றாள், அந்தப் பக்கம் சிரிப்பு. சுபிக்‌ஷா புத்தகத்தை மடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள், என் தங்கை, பன்னிரண்டாவது படிக்கிறாள், படிக்கிற நேரத்தில் மட்டும் அவளுக்கு எல்லாமே காதில் விழும். "அப்பா, அது காரைக்காலுக்குப் பக்கமுங்க. அங்க சரக்கு சல்லிசுங்களாமா" என்று கத்தினாள். "அடி செருப்பால, பேச்சப் பாரு" என்றாள் அம்மா. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது, இதெல்லாம் முதல் தடவையிலேயே கேட்டுவிடும், சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு பாதியில் இருமலானது, இருமல் எங்கேயோ அடியில் போய் மாட்டிக்கொண்டது, நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம், அம்மா தட்டைக் கழுவினாள், சுபிக்‌ஷா கூந்தலை அவிழ்த்துக் கட்டினாள், நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருமல் முடிந்தது. அவர் துண்டால் வாயைத் துடைத்தார், துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார், முன்பெல்லாம் தோளில் போடுவார். "அடுத்த வாரம் எப்புடிக் கண்ணு?" என்றாள் அம்மா கொல்லைக் கதவோரம் நின்று, "எனக்கு யாரு லீவு குடுப்பா? நாலு நாள் நான் போகலீனா என்ற எடத்துல வேறொருத்தி உக்காந்து தாருக்கு நூல் சுத்துவா. அப்பறம் எந்திரிப்பாளா?" அது உண்மை. அப்பா வேலையை நிறுத்திய வாரமே அவருடைய தறிகளை ஒரு வடக்கத்தி ஆள் ஓட்ட ஆரம்பித்தான், நல்லவன், அப்பாவைப் பார்க்க ஆரஞ்சுப்பழம்கூட வாங்கிவந்தான், ஆனால் தறி இனி அவனுடையது. "நீயும் அப்பனும் போயிட்டு வாங்க, மருந்துக்குத்தான சொன்னாரு டாக்டரு" என்றாள் அம்மா. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போனா எல்லாருந்தான் போறது" என்றார். "எனக்கு அரையாண்டு வருதுங்க" என்றாள் சுபிக்‌ஷா.

ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் தடைகள் எல்லாம் விலகிவிடும். அம்மா வேலையை உதறிவிட்டு வருவாள், பரீட்சையாவது மண்ணாவது என்பாள் சுபிக்‌ஷா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இந்த வீட்டில் இடம் இல்லை, இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இடம் இல்லை. அப்பாவுக்கு வாய் தெரிந்தால் போதும், சத்தம் வேண்டியதில்லை. தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான், அந்தச் சத்தத்தில் குரல் எதற்கும் ஆகாது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் கேலி பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாப்பாட்டில் என்ன குழம்பு என்று கேட்பார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே பட்டறைக்குப் போய் நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்திருப்பேன், அம்மாவும் அப்பாவும் தூர தூர நின்று வாயை மட்டும் அசைப்பார்கள், எனக்கு வீட்டுப்பாடம் எழுதத் தெரிவதற்கு முன்பே அதைப் படிக்கத் தெரிந்துவிட்டது. ஆகவே அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னால் அப்பா பார்த்துவிடுவார், சத்தமாகச் சொன்னால் தெருவே கேட்டுவிடும். அம்மாவை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லலாம். சொல்லலாம்தான். ரேஷன் கடைக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்று போன வாரம் கூடவே நடந்தேன், அவள் வழி முழுக்கப் பாமாயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள், நான் கேட்டுக்கொண்டு வந்தேன், திரும்பியும் வந்துவிட்டோம். சொன்னால் அம்மாவின் முகம் தாங்காது. அவள் முகத்தை அப்பா முப்பது வருஷமாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே நுழைந்ததும் படித்துவிடுவார். அப்படியானால் என் முகம்? என் முகத்தை அவர் படிக்கவில்லையா? டாக்டர் பேசியபோது அவர் டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எனக்கு நினைவிருக்கிறது, தெரியாத பாஷையின் உதடு, அதில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, கிடைக்காமல் அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் அப்போது தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், படித்த பெண்ணாக. அவர் என்ன படித்தாரோ. தெரிந்துகொண்டே கேட்காமல் இருக்கிறாரோ. இல்லை, அப்படி இருக்காது, தெரிந்தவர் இப்படி நிம்மதியாகத் தூங்க மாட்டார். ஆனால் அது தூக்கமில்லை, மாத்திரை. நான் இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன், நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருப்பது மாதிரி. தரங்கம்பாடியில் அவரை மணலில் உட்காரவைப்பேன், பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிப் போடுவேன், சத்தம் கேக்குதுங்களாப்பா என்று கேட்பேன், அவர் கேக்குது கண்ணு என்பார், அந்தச் சத்தத்தில் நான் சொல்லிவிடுவேன், என்னைப் பார்க்காமல் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சொல்லிவிடுவேன், அவருக்குக் கேட்காது, ஆனால் சொன்னதாகிவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடா? அவருக்குக் கடல் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு காலண்டரைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அவருக்கு ஒருவேளை இந்தச் சுவரும் தலையணையும் போதுமாக இருக்கலாம், ரயிலில் மூச்சு வாங்கலாம், பாதி வழியில், இரவு ரயிலில், எனக்கு இங்கிலீஷ் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத ஏதோ ஒரு ஸ்டேஷனில். அதையும் நினைத்திருக்கிறேன். நினைத்தும் ரூம் தேடினேன்.

"தைக்குப் போலாம்" என்றார் அப்பா. குரல் தெளிவாக இருந்தது, தீர்மானமாகச் சொல்லும்போது அவருக்கு இருமல் வராது. "பொங்கலுக்குப் பட்டறை ஒரு வாரம் சாத்தியிருக்கும். உங்கம்மாளுக்கு லீவே கேக்க வேண்டியதில்ல. பாப்பாளுக்குப் பரீச்சையும் முடிஞ்சிருக்கும். மாட்டுப் பொங்கல் கழிஞ்ச மறுநாள் பொறப்பட்டா ரெண்டு நாள் இருந்துட்டு வந்தரலாம்." எங்கள் வீட்டில் இத்தனை ஒழுங்காக யாரும் எதையும் யோசித்ததில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதுதான் சரிங்க" என்றாள். "மறுநாளே ரயில்ல வந்து எறங்கி அப்புடியே நான் தறிக்குப் போயிருவேன்" என்றார் அப்பா. "ஓனர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், பொங்கல் கழிச்சு வரேன், ரெண்டு தறி மட்டும் குடுங்கன்னு. சரின்னுட்டாரு." ஓனர் சரி என்றது எனக்குப் புதிய செய்தி. பார்க்க வந்தவர் கட்டிலில்லாத அறையில் நின்றுகொண்டே ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, வா செங்கோடா, உன்ற எடம் அப்புடியேதான் இருக்குது என்று சொல்லியிருப்பார், அப்பாவைப் பார்த்த எவரும் வேறென்ன சொல்வார்கள். "அடுத்த வாரமே போயிட்டு வந்தரலாமுங்ப்பா" என்றேன். "என்ன அவசரம்?" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ராசாமணி அக்காவும் காதைத் தீட்டியிருப்பாள். இதுதான் இடம், இப்போதுதான், கத்தக்கூட வேண்டாம், உதட்டை அசைத்தால் போதும், என் உதடு பிரிந்ததுகூட எனக்குத் தெரிந்தது, அப்பா கொஞ்சம் முன்னால் குனிந்தார். "இல்லீங்க, சும்மாதான்" என்றேன். "ரூம் சல்லிசாக் கெடைக்குதேன்னு." அம்மா சிரித்தாள். "கடலு எங்க போயிரப் போவுது? தைக்கும் அங்கதான் இருக்கும்" என்றாள். அதோடு அது முடிவாகிவிட்டது, முடிவானதும் வீட்டில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது, எனக்கு அதன் பக்கத்தில் இருக்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. புளிச்சோறு கட்டிக்கலாம் என்றாள் அம்மா, புளிச்சோறு அவருக்கு இருமலுக்கு ஆகாது, அப்ப தயிர்ச்சோறு, அது கெட்டுப்போகும், மார்கழிப் பனியில கெடாது, மார்கழியா, தைங்கம்மா, தையிலும் பனி இருக்கும். சுபிக்‌ஷா கடலில் போட்டோ எடுக்க ராசாமணி அக்கா மகளின் சுடிதாரைக் கேட்கப் போகிறேன் என்றாள். அலையில கால வெச்சா மணலு உள்ள இழுக்குமாம் என்றார் அப்பா, இழுத்தா நான் புடிச்சுக்கறனுங்க என்றாள் அம்மா, நீ புடிச்சா ரெண்டு பேரும் போக வேண்டியதுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு மார்கழியை நினைத்தேன், இன்னும் கார்த்திகையே பாதி இருக்கிறது, அதற்கப்புறம் முழுசாக ஒரு மார்கழி, முழு மாதமும் விடியலில் கோயில் ஒலிபெருக்கி பாடும், அத்தனை காலையையும் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது தை.

வெயில் வாசலை விட்டுப் போன பிறகு போன் அடித்தது. நான் எடுத்துக்கொண்டு வெளியே போக எழுந்தேன். "இங்கயே பேசு கண்ணு" என்றார் அப்பா, அவருக்கும் பார்க்க வேண்டுமாம். உட்கார்ந்தேன். "என்னம்மா, அடுத்த வாரம் வந்துடுறீங்கதானே? இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் மேனேஜர். சாமி படத்துக்கு விளக்கேற்ற வந்த அம்மா தீக்குச்சியைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கண் என் வாயின்மேல் இருந்தது, சின்ன வயதில் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி, தப்பு வந்தாலும் அவருக்குத் தெரியாது, ஆனாலும் பார்ப்பார். "இல்லைங்க" என்றேன். "தை மாசங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்." அப்பா தலையசைத்தார். மேனேஜர் ஐயையோ என்றார், அது பயங்கரக் கூட்டமா இருக்குமேம்மா, இப்பவே சொல்லிவெச்சாத்தான் உண்டு, எடுத்து வெச்சிட்டு நீங்க வராம விட்டுட்டா எனக்கு நட்டம், கண்டிப்பா வருவீங்கல்ல என்றார். நான் யாரிடமும் பொய் சொல்லிப் பழகியவளில்லை, ஆபீசில் ஒரு பில் தப்பாகப் போட்டால்கூட நானே போய்ச் சொல்லிவிடுவேன், சிரிப்பார்கள். "கண்டிப்பா வருவோங்க" என்றேன். எத்தனை பேரு, பெரியவங்க எத்தனை. "நாலு பேருங்க. நாலும் பெரியவங்கதான்." நாலு என்று சொல்லும்போது உதடு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அப்பா அதையும் வாங்கிக்கொண்டு நாலு விரலை அம்மாவிடம் காட்டினார். அம்மா விளக்கை ஏற்றினாள். யாரு பேருல போடட்டும் என்றார் மேனேஜர். என் பேர் கோகிலா, நான்தான் இத்தனை நாளாக அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், என் பேரைச் சொன்னால் போதும், அதுதான் நியாயமும்கூட. "செங்கோடன்னு போட்டுக்குங்க" என்றேன். தன் பேரைப் பார்த்ததும் அப்பா சுவரைவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், தலையணை பின்னால் சரிந்தது. "இனிஷியலு, இனிஷியலையும் சேத்திச் சொல்லு கண்ணு" என்றார், "இல்லீனா வேற எவனாச்சும் ஒரு செங்கோடன் வந்து நம்ம ரூமை வாங்கிக்கப் போறான்." தரங்கம்பாடியில் இன்னொரு செங்கோடன் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். "க" என்று சொன்னேன். "க. செங்கோடன்." மேனேஜர் எழுதிக்கொண்டே அந்தப் பேரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், சரியா இருக்கா என்று கேட்டார். சரியா இருக்குதுங்க என்றேன்.